முன்னால் ஓடிய நாற்காலி

தேயிலைச் செடிகளுக்கு மேலே நான்கு மரக்கால்கள் வானத்தைப் பார்த்தபடி அசைந்து அசைந்து போகும். சுமக்கிற ஆள் தெரியாது. எங்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதை மழைநீர் வடியும் ஆழமான கான் ஒன்றை ஒட்டிப் பள்ளத்துக்குள் போவதால், ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாற்காலி மட்டும்தான் கண்ணில் படும். ஏதோ அதற்கே அவசர வேலை வந்து லயத்துக்கு ஓடுகிற மாதிரி இருக்கும். ரோட்டில் நானும் எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் மிஸ்ஸும் ஆளுக்கொரு குடையோடு நடந்து வருவோம். மிஸ் சட்டென்று நிற்பார். அந்தக் கால்களைப் பார்ப்பார். அவருடைய வெள்ளை முகம் அப்படியே தொங்கிப் போய்விடும். எனக்கோ சிரிப்பை அடக்கப் பெரும்பாடாக இருக்கும். நாங்கள் எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஒரு நாளும் அந்த நாற்காலியை முந்தியதில்லை.

சுமந்துகொண்டு ஓடுகிறவர் என் தாய்மாமா. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை. தோட்டத்தின் எந்த மூலையில் ஒரு வெள்ளைக் காலுறை தெரிந்தாலும் அவருக்குத் தகவல் போய்விடும். நாற்காலி அவருடையது அல்ல. அது எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவருடையது. கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் தலைவர் எடுத்த பிரம்பு நாற்காலி, இரண்டு பக்கமும் கை வைத்தது. பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரே தகரக் கூரைக்குக் கீழே நீண்டு கிடக்கும் எங்கள் லயத்தில், கை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். மற்ற வீடுகளில் பலகை இருந்தது, சாக்கு இருந்தது, பாய் இருந்தது. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, மிஸ் வரும்வரை.

மிஸ் வந்தது எழுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம். இங்கிலாந்தின் வடக்கே, மழைக்கும் குளிருக்கும் பேர் போன ஏதோ ஒரு ஊர். இருபத்தைந்து வயது. வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பெயர் கொடுத்தவரை கொழும்பிலிருந்த ஓர் அலுவலகம் ஹட்டனுக்கு அனுப்பிவிட்டது. வரவேற்க எங்கள் பிரின்சிபல் செவ்வந்தி மாலையோடு ஸ்டேஷனுக்குப் போனார். நாங்கள் ஆறு டீச்சர்கள் பின்னால். ரயில் வந்ததும் எல்லோரும் முதலாம் வகுப்புப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றோம். அங்கிருந்து ஒரு வயதான டாக்டரும் அவருடைய நாயும் இறங்கினார்கள். பிரின்சிபலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலையை மடித்துப் பையில் வைக்கப் போனவர் திரும்பிப் பார்த்தால், மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கித் தன் டிரங்குப் பெட்டியைத் தானே தோளில் வைத்துக்கொண்டு வந்த மிஸ், யாருக்கு இந்த வரவேற்பு என்று எங்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்து டீச்சர் வேலை கிடைத்த முதல் பெண் எங்கள் லயத்தில் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கீழ் வகுப்புகளுக்கு இங்கிலீஷையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். என் இங்கிலீஷ் காகிதத்தில் நன்றாக நடக்கும், வாயில் வந்தால் நொண்டும். அதனால் மிஸ்ஸுக்கு ஊர் பழக்கிவிடும் பொறுப்பை பிரின்சிபல் எனக்குத் தந்தபோது, மற்ற டீச்சர்கள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமையும் நிறையப் பரிதாபமும் இருந்தது.

ஊர் பழகுவது என்றால் சும்மாவா? மிஸ் ஹட்டனோடு பழகத் தயாராகத்தான் இருந்தார். ஹட்டன்தான் மிஸ்ஸோடு பழக மறுத்தது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே அவருக்கு அறை. கடை முதலாளியின் மனைவி நல்ல மனுஷி; வெள்ளைக்காரர்கள் காலையில் அரை அவியல் முட்டைதான் சாப்பிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த முட்டையை வைக்கும் பீங்கான் கிண்ணத்தைத் தேடி நுவரெலியா வரை ஆள் அனுப்பி வாங்கிவந்தார். கீழே முதலாளி வீட்டில் எல்லோரும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிடும் வாசனை மாடிப்படி ஏறி வரும். மேலே மிஸ் அந்த முட்டையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சந்தைக்குப் போனால் மரக்கறிக்காரர் மரவள்ளிக் கிழங்கை மூடி மறைத்துவிட்டு லீக்ஸையும் சலாது இலையையும் எடுத்து நீட்டுவார். "இது பங்களா மரக்கறி, தொரசாணி. அது நாங்க திங்கிறது" என்பார். தபால் கந்தோர் வரிசையில் போய்க் கடைசியில் நின்றால், முன்னால் நிற்கிற பதினைந்து பேரும் ஒதுங்கி, அவரைக் கைபிடிக்காத குறையாக முன்னே அனுப்புவார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவரைப் பிக்குமாருக்கென்று ஒதுக்கிய சீட்டில் உட்கார வைத்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பிக்கு ஏறினார். மிஸ் துள்ளி எழுந்தார். கண்டக்டர் அவரை உட்காரச் சொன்னார், பிக்குவும் பெருந்தன்மையாக உட்காரச் சொன்னார். கடைசியில் கொட்டகலை வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே போக, சீட் காலியாகவே போனது.

எங்கள் ஆட்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ட வெள்ளைக்காரர்கள் எல்லாம் துரையும் துரையின் மனைவி தொரசாணியும்தான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைத் துரைகள் போயே போய்விட்டார்கள். ஆனால் குதிரையிலோ ஜீப்பிலோ ஒரு வெள்ளை முகம் வந்தால் முண்டாசை அவிழ்த்து, குடையை மடக்கி, ரோட்டோரம் இறங்கி நிற்கிற பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. மழை கொட்டும். ரோட்டில் எதிரே வருகிற ஆள் மிஸ்ஸைக் கண்டதும் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நிற்பார். அவர் நனைகிறாரே என்று மிஸ்ஸும் தன் குடையை மடக்குவார். இரண்டு பேரும் நனைந்தபடி ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்வார்கள். இது என்ன கூத்து என்று நடுவில் நான் மட்டும் குடையோடு நிற்பேன்.

மனு வேறு வர ஆரம்பித்தது. பெரிய வகுப்பில் ஒரு மாணவி கட்டுரைக் கொப்பிக்குள் தன் அப்பா எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து நீட்டினாள்: எங்கள் காம்பராவில் கூரை ஒழுகுகிறது, தொரசாணி தயவு பண்ண வேண்டும். மிஸ் பாவப்பட்டு, அதை அழகான இங்கிலீஷில் டைப் அடித்து அந்தத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் புதுத் தகரம் வந்து இறங்கியது. எந்த வெள்ளைக்காரி எங்கிருந்து எழுதுகிறாள், இவளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அந்த ஆபீஸ்காரர்கள் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவ்வளவுதான், மிஸ்ஸின் கதை முடிந்தது. அதற்கு முன் அவர் தொரசாணி மாதிரி. அதற்குப் பிறகு தொரசாணியேதான்.

ஆனி மாதம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போனபின் ஸ்டாஃப் ரூமில் மிஸ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்த ஊரில் ஒரு நாளைக்கு இருநூறு பேர் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். ஒருத்தர்கூட என்னோடு பேசுவதில்லை" என்றார். அவருக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம். ஆனால் விரும்பினால் ஒரு வருஷத்தோடு போய்விடலாமாம். "இந்த மார்கழியோடு போய்விடலாம் என்று நினைக்கிறேன்" என்றார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அப்போதுதான் வாயைத் திறந்து இங்கிலீஷ் பேச ஆரம்பித்திருந்தார்கள். நானும் ஆரம்பித்திருந்தேன். அதைவிட, எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து, நீ எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

கேட்காதது அவர் நல்ல குணம். சொல்லாதது என் கெட்ட குணம். என் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவர் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஆறு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலம் உடைந்திருக்கிறது என்றேன். அட்டைக்கடி தாங்கமாட்டீர்கள் என்றேன். எல்லாவற்றையும்விட அதிகமாக அம்மை போட்டிருக்கிறது என்றேன். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலே எங்கள் தோட்டத்தில் மட்டும் தையிலிருந்து ஆனி வரை யாருக்காவது அம்மை போட்டபடியே இருந்தது. உண்மை வேறு. கக்கூசுக்கு வரிசையில் நிற்கிற, ஒரே காம்பராவில் சமைத்துப் படுத்து எழும்புகிற என் வீட்டை இங்கிலீஷில் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வயதில் என் வெட்கம் அதுவாக இருந்தது. அன்றைக்கு மார்கழியோடு போய்விடுவேன் என்று அவர் சொன்னதும், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், மிஸ்."

அம்மாவிடம் சொன்னதும் அம்மா கையிலிருந்த கொழுந்துக் கூடையைக் கீழே போட்டார். "அடி ஆத்தி! தொரசாணிய எங்கடி உக்கார வைப்பேன்?"

"பாயில உக்காருவாங்கம்மா. அவங்களுக்கு அதுதான் ஆசை."

"ஆசப்படுவாங்க, ஆசப்படுவாங்க. தொரசாணிய தரையில உக்கார வச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பெரட்டுக்களத்துல போயி நிப்பேன்?"

பெரட்டுக்களம் என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். அங்கே நூற்றைம்பது பெண்கள் நிற்பார்கள், நூற்றைம்பது வாய். அம்மாவின் பயம் நியாயமானதுதான். மாமாவைக் கூப்பிட்டார். மாமா தலைவரிடம் ஓடினார். தலைவர் நாற்காலியை ஒரு தடவை துடைத்து, ஒரு தடவை உட்கார்ந்து பார்த்து, பிறகு மாமாவின் தலையில் தன் கையாலேயே தூக்கி வைத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். கிறீம் சோடாவை உடைத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பூப்போட்ட தட்டில் நான்கு மாரி பிஸ்கட் வைத்துக் கொடுத்தார்கள். வாசலில் முப்பது பேர். மிஸ் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார்; முப்பது பேரும் அவர் மெல்வதைப் பார்த்தார்கள். விழுங்கினார், அவர்களும் விழுங்கினார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மகாராணியார் சுகமாக இருக்கிறார்களா என்று விசாரித்தார். தனக்குப் பழக்கமில்லை என்று மிஸ் சொன்னார். நான் அதை, சுகமாக இருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ரோட்டுக்கு வந்ததும், "உங்கள் அம்மா ஒரு தடவைகூட உட்காரவில்லை" என்றார் மிஸ்.

ஆனால் அவர் விடுகிற ஆளாக இல்லை. மறுபடியும் வந்தார், அதன் பிறகும் வந்தார். சொல்லாமல் வந்து பார்த்தார். எப்படி வந்தாலும் சரி, ரோட்டு வளைவு திரும்பும்போது செடிகளுக்கு மேலே அந்த நான்கு கால்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் மிஸ் ஓடியே பார்த்தார். இங்கிலாந்துக்காரி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் ஓட, பள்ளத்துக்குள் மாமா ஓட, இடையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கூடையோடு நிமிர்ந்து, "ஓடுங்க மாமா, ஓடுங்க!" என்று கத்த, மாமாதான் ஜெயித்தார். மூச்சு இரைக்க இரைக்க நாற்காலியை இறக்கி, தோள் துண்டால் துடைத்து, "உக்காருங்க தொரசாணி" என்றார். மிஸ்ஸின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஓடி வந்ததால் என்று மாமா நினைத்துக்கொண்டார்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, அடைமழை. மிஸ் என் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார். கொழும்பு அலுவலகத்துக்கு எழுதிய விலகல் கடிதம் அவருடைய தோள் பையில் இருந்தது. திங்கட்கிழமை தபாலில் போடுவதாகச் சொல்லியிருந்தார். நாற்காலி வழக்கம்போல முன்னால் வந்திருந்தது. மழையானதால் வாசலில் கூட்டமில்லை; அம்மா, மாமா, நான், நாற்காலியில் மிஸ். நினைவாக ஒன்று கொடுக்கலாம் என்று மிஸ் பையைத் துழாவி, ஒரு புகைப்படத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "எங்க அம்மா. எங்க வீடு" என்று, நான் சொல்லிக் கொடுத்த தமிழில் சொன்னார்.

அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கறுத்துப்போன செங்கல் வீடு. அதை ஒட்டி இன்னொரு வீடு, அதை ஒட்டி இன்னொன்று. படம் முடிகிற வரைக்கும் ஒரே கூரை, ஒரே சுவர், கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல். வாசலில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையாகத் துணி காய்ந்தது.

"ஏன்டி," என்றார் அம்மா என்னிடம், "இது லயமில்ல?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா மிஸ்ஸின் முன்னால் போய் நின்றார். "இது மொத்தத்துல எத்தன காம்பரா?"

நான் மொழிபெயர்த்தேன். மிஸ் யோசித்துவிட்டு, எங்கள் வரிசையில் பதினாறு வீடு என்றார்.

"யாரு கட்டிக் குடுத்தது?"

நிலக்கரிச் சுரங்கத்துக் கம்பெனி. அப்பா சுரங்கத்தில் வேலை. தாத்தாவும் சுரங்கம்தான்.

"வேல விட்டா?"

வீட்டை விட வேண்டும்.

"கூரை ஒழுகுமா?"

மிஸ் சிரித்துவிட்டார். ஒழுகும் என்றார்.

"கக்கூசு?"

முற்றத்தைத் தாண்டி வெளியே. மழையில் ஓட வேண்டும். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது இரண்டு வீட்டுக்கு ஒன்று.

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். அவ்வளவு கோபமாக அவர் என்னைப் பார்த்ததே இல்லை. "நீ பெரிய படிப்பு படிச்சவ! பத்து மாசமா கூட சுத்துற. நம்ம மாதிரி லயத்துல பொறந்த புள்ளைன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லத் தெரியல? பாவம், ஊரு விட்டு ஊரு வந்த புள்ளைய கொலு பொம்ம மாதிரி உக்கார வச்சி, சோடாவ குடுத்து குடுத்து அனுப்பியிருக்கோம்!" பிறகு மிஸ்ஸின் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பினார். "எந்திரி. இந்தா, அடுப்படிக்கு வா. குளிருதுல்ல?"

அடுப்புக்குப் பக்கத்தில் அம்மா உட்காரும் பலகை ஒன்று உண்டு. அதில் மிஸ்ஸை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். விறகு ஈரம். "காகிதம் இருந்தா குடு, பத்த வைக்கணும்" என்று கையை நீட்டினார். மிஸ் பையைத் திறந்து, ஒட்டின உறையோடு கொழும்புக் கடிதத்தை எடுத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். நல்ல கெட்டிக் காகிதம், உடனே பற்றிக்கொண்டது. ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் இடித்து, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடிக்கிற விதத்தை அம்மா அவருக்குக் காட்டினார். மிஸ் ஐந்து ரொட்டி சாப்பிட்டார். எனக்கு ஒன்றுதான் மிஞ்சியது. ரொட்டி எடுக்க அம்மா எழும்பியபோது, "கொஞ்சம் தள்ளி உக்காரு புள்ள, வழிய மறிச்சிக்கிட்டு" என்றார். அதையும் நான் மொழிபெயர்த்தேன். மிஸ் தள்ளி உட்கார்ந்தார். இந்த ஊருக்கு வந்து அவரைத் தள்ளி உட்காரச் சொன்ன முதல் ஆள் என் அம்மாதான். அப்போதுதான் மிஸ் மெதுவாகச் சொன்னார், அந்த நாற்காலியில் ஒரு பிரம்பு உடைந்திருக்கிறது, இத்தனை மாதமும் அது குத்திக்கொண்டே இருந்தது என்று. அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. புகைமேல் பழி போட்டேன்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் அம்மா அவிழ்த்துவிட்டார். தொரசாணி தொரசாணி இல்லையாம், வெள்ளைக்கார லயத்துப் பொண்ணாம், அங்கேயும் விடிய முந்தி சங்கு ஊதுமாம். புதன்கிழமைக்குள் செய்தி ஹட்டன் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. மரக்கறிக்காரர், "முன்னமே சொல்லியிருக்கப்படாதாம்மா?" என்று குறைப்பட்டுக்கொண்டு மரவள்ளிக் கிழங்கை நிறுத்துக் கொடுத்தார். முதலாளியம்மா முட்டைக் கிண்ணத்தைக் கழுவிக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தபால் கந்தோர் வரிசையில் ஒரு கிழவர், "வரிசையில வாங்க பிள்ள" என்று மிஸ்ஸை அதட்டினாராம். மிஸ் அதை என்னிடம் பரிசு வாங்கியவர் போல வந்து சொன்னார். எங்கள் லயத்திலோ கேட்கவே வேண்டாம். பீலியில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார்கள், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள், இன்னும் ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பத்து மாதம் ஒருவரும் பேசவில்லை என்று அழுத மனுஷி, இவர்கள் கொஞ்சம் வாயை மூடமாட்டார்களா என்று என்னிடம் முறையிட்டார்.

ஏற்றுக்கொள்ளாதவர் மாமா ஒருவர்தான். "வெள்ளக்காரனுக்கு ஏது லயம்? தொரசாணி பெருந்தன்மைக்குச் சொல்றாங்க, இந்த அக்கா நம்பிக்கிட்டு அடுப்படியில போட்டு வச்சிருக்கு" என்று ஃபெக்டரியெல்லாம் சொல்லித் திரிந்தார். நாற்காலி சுமக்கிற உத்தியோகம் பறிபோன ஆத்திரம் என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகும் மிஸ் வரும் நாளெல்லாம் அவர் நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைப்பார். மிஸ் அதைத் தாண்டி உள்ளே போய்ப் பலகையில் உட்காருவார். வெளியே நாற்காலி சும்மா கிடக்கும். தலைவர் வீட்டுக் கோழி ஒன்று அதில் ஏறிப் படுக்கப் பழகிக்கொண்டது. மாமா அதை விரட்டுவார், துடைப்பார், மறுபடியும் காத்திருப்பார்.

மார்கழியோடு போக இருந்த மிஸ் நான்கு வருஷம் இருந்தார். அவர் இருக்கும்போதே தலைவர் குடும்பத்துக்கு, குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும் கடதாசி வந்தது. போகிற அன்றைக்கு ஸ்டேஷனில் வைத்து, "நான் உக்காந்தத விட நீ சுமந்ததுதான் கூட. நீயே வச்சிக்க" என்று நாற்காலியை மாமாவிடம் கொடுத்துவிட்டார். ரயில் போனபின் மாமா பிளாட்பாரத்தில் அதற்குப் பக்கத்தில் நின்று அழுதார். அதில் உட்காரத் தோன்றவில்லை அவருக்கு. அடுத்த வருஷம் மிஸ்ஸையும் அதே ஸ்டேஷனில் வழியனுப்பினோம், மூன்றாம் வகுப்பில். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, தமிழில், கோணல் கோணலான எழுத்தில். முதலாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டாம் காம்பரா வரை ஒவ்வொருவர் பேராக எழுதி, இருக்கிறார்களா, இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். மாமா பேருக்குப் பக்கத்தில், நாற்காலியும் இருக்கிறதா என்று இருந்தது. இருக்கிறோம் என்று எழுதுவதற்குள் என் கண்ணீர் பட்டு இரண்டு காகிதம் வீணாகிவிட்டது.

போன மாசி மாதம் மிஸ் திரும்பவும் வந்தார். அம்மா இல்லை. எனக்கு ஓய்வூதியம் வந்து பல வருஷம். பழைய லயத்துக்குக் கீழே ஏழு பேர்ச் துண்டுக் காணியில் சின்னதாக வீடு கட்டியிருக்கிறேன். வேனிலிருந்து இறங்கிய மிஸ்ஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. தலை பஞ்சாகியிருந்தது, கையில் ஊன்றுகோல். இரண்டு முட்டியிலும் ஒப்பரேஷன் என்று ஃபோனில் சொல்லியிருந்தார். படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் "ஐயோ, ஆத்தி" என்றார், அச்சு அசல் என் அம்மா குரலில். பழைய ஞாபகத்தில் வாசலில் பாய் விரித்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், தன் முட்டியைப் பார்த்தார். "உட்கார்ந்துவிடுவேன். ஆனால் நாளைக்குத்தான் எழும்புவேன்" என்றார்.

அப்போது அவர் கண் எனக்குப் பின்னால் எங்கேயோ போய் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மேல் லயத்துக் குறுக்குப் பாதையில், தேயிலைச் செடிகளுக்கு மேலே, நான்கு மரக்கால்கள். ஓடவில்லை. பத்தடி வரும், நிற்கும், மறுபடி பத்தடி வரும். எழுபத்தைந்து வயது மனுஷனை ஏன்தான் இப்படி வரவிட்டேன் என்று இருந்தது எனக்கு. மிஸ் ஊன்றுகோலைப் பிடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து சேர்ந்தது அந்த ஒரு நாள்தான்.

மாமா வாசலில் நாற்காலியை இறக்கினார். தோள் துண்டால் வழக்கம்போல ஒரு துடைப்பு.

"மாமா," என்றார் மிஸ், "நான் லயத்துப் பொண்ணு மாமா. எனக்கு எதுக்கு நாற்காலி?"

"அது தெரியாதா எனக்கு? ஒங்க வீட்டுப் படத்த அக்கா சாகுற வரைக்கும் செவுத்துல மாட்டி வச்சிருந்துச்சே, தெனமுந்தான் பாத்தேன்" என்றார் மாமா. "முட்டியில கத்தி வச்சாங்களாமே. உக்காரு புள்ள. இப்ப குத்தாது, நைலான் கயிறு போட்டுப் பின்னி வச்சிருக்கேன்."

மிஸ் மெதுவாக உட்கார்ந்தார். கையைக் கைப்பிடியில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். மாமா படியில் குந்தி, தன் முட்டியைத் தடவிக்கொண்டே அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். திறந்த கதவு வழியே பார்த்தால் உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். நான் அவற்றைத் தாண்டிச் சாயத்தண்ணி ஊற்ற உள்ளே போனேன்.